மீதம் பத்து

கல்யாணசுந்தரியும் நானும் காரைக்கால் கல்லூரியில் ஒரே பெஞ்சு. கணிதப் பிரிவில் மொத்தம் பத்தொன்பது பேர் இருந்தோம். இரண்டாம் ஆண்டு பாதியில் அவளுடைய அப்பா இறந்துபோனார். கோட்டுச்சேரியில் குடிநீர் டேங்குக்கு மோட்டார் போடுகிற வேலையில் இருந்தவர். வாரிசு வேலை வீட்டில் ஒருவருக்குக் கிடைக்கும் என்றார்கள். தம்பிக்கு வயது போதவில்லை, அம்மாவுக்குப் படிப்பு போதவில்லை. சுந்தரி போய்க் கையெழுத்துப் போட்டாள். டிகிரியை முடித்துவிட்டு வருகிறேன் என்று கேட்டுப் பார்த்ததற்கு, "வேலை என்ன காலேஜ் பஸ்ஸாம்மா, உனக்காக நிக்கிறதுக்கு?" என்றாராம் அந்த ஆபீசில் இருந்த ஒருவர். அவர் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எழுதமாட்டேன்.

அது 1998. நான் டிகிரி முடித்து இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்துவிட்டேன். கல்லூரியில் படித்த கணிதத்தில் ஒரு வரியைக்கூட இந்த இருபத்தேழு வருடத்தில் நான் பயன்படுத்தியதில்லை. பாதியில் விட்டவள்தான் பயன்படுத்தினாள்.

அவள் வேலை இப்படி. காலை ஐந்தரைக்கு மோட்டாரைப் போட வேண்டும். டேங்க் நிறைய இரண்டரை மணி நேரம் ஆகும். அதுவரை அங்கேயே இருந்து அளவைப் பார்க்க வேண்டும், வால்வைத் திருப்ப வேண்டும், நேரத்தை நோட்டில் குறிக்க வேண்டும். சாயங்காலம் மூன்றரைக்கு மறுபடியும் அதே. ஒரு நாளில் ஐந்து மணி நேரம், பெரும்பாலும் கை சும்மா இருக்கிற வேலை. இப்படி நேரம் கிடைத்தால் சிலர் பூ கட்டுவார்கள், சிலர் அக்கம்பக்கத்து வீடுகளை ஆராய்வார்கள். சுந்தரி வகுத்தாள்.

எதை என்று சொல்கிறேன். 2011 நவம்பரில் ஒரு நாள், 11-11-11 என்று தேதி வந்தது. பேப்பர், டிவி எல்லாம் அதை வைத்து அன்றைக்கு அமர்க்களம். மோட்டார் அறையில் சுந்தரி ஒன்று ஒன்றாக எழுதி, எது எதனால் வகுபடும் என்று பார்த்தாள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதமில்லாமல் வகுபடாத எண் பகா எண், அப்படி வகுபட்டால் பகு எண் என்று எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டு ஒன்று, அதாவது பதினொன்று, பகா எண். மூன்று ஒன்றை, அதாவது 111-ஐ, மூன்று வகுக்கும். ஐந்து ஒன்றை நாற்பத்தொன்று வகுக்கும். ஏழு ஒன்றை 239 வகுக்கும். பதினொரு ஒன்றை வகுக்கும் எண்ணைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. 21,649. அன்றைக்கு எனக்கு ஃபோன் செய்து அந்த எண்ணைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி எடையெல்லாம் கேட்க வேண்டியிருந்தது எனக்கு. பதின்மூன்று ஒன்று உடனே உடைந்துவிட்டது. பதினான்கு, பதினைந்து, பதினாறு எல்லாம் பார்க்கவே வேண்டாம், எண்ணிக்கையே பகு எண் என்றால் தானாக உடைந்துவிடும். அடுத்தது பதினேழு.

11111111111111111. நூற்றுப் பதினோரு கோடி கோடிக்குக் கொஞ்சம் மேலே. இது பகாவா, பகுவா?

கண்ட எண்ணாலும் இதை வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. முப்பத்துநான்கால் வகுத்தால் ஒன்று மீதம் வருகிற எண்களை மட்டும் பார்த்தால் போதும். பாக்கி எந்தப் பகா எண்ணும் இதை வகுக்காது. இது இரண்டாம் ஆண்டுப் பாடம், அவள் கடைசியாகப் படித்த பாடங்களில் ஒன்று. எனவே 103, 137, 239, 307 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். மூன்றால், ஐந்தால், ஏழால் என்று நாற்பத்தொன்று வரையுள்ள சின்ன எண்களால் வகுபடுகிறவற்றை முன்கூட்டியே கழித்துவிடலாம். நாளுக்கு ஐந்து எண் என்று வைத்துக்கொண்டாள்.

எதுவரைக்கும்? பத்துக் கோடியே ஐம்பத்துநான்கு லட்சம் வரை போயும் ஒன்றும் வகுக்கவில்லை என்றால் அது பகா எண் என்று முடிவு கட்டலாம். அவள் வேகத்தில் அதற்கு ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகும். இதை அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். ஆக, அது பகா எண்ணாக இருந்தால் அவளுக்குத் தெரியப்போவதே இல்லை. பகு எண்ணாக இருந்து, வகுக்கும் எண்ணும் கொஞ்சம் சின்னதாக இருந்தால் மட்டும் அவள் ஆயுளில் தெரியலாம்.

"அப்ப எதுக்குடி பண்றே?" என்றேன்.

"தெரியலையே, அதுக்குத்தான்" என்றாள்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்காத ஆள் கோட்டுச்சேரியில் இல்லை. ஆறு மணி நேரம் சீரியல் பார்க்கிறவர்கள் கேட்டார்கள். கிரிக்கெட் ஸ்கோரை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் கேட்டார்கள். இரவு முறைக்கு வருகிற ஆபரேட்டர் கருப்பையன் ஒருவர்தான் கேட்கவில்லை. அவர் புது பைக் வாங்கியதும் நம்பரை எழுதிக்கொண்டு வந்து, "ராசி எப்படின்னு பாரும்மா" என்றார். சுந்தரி பார்த்துவிட்டு, "ஏழால வகுபடுதுண்ணே" என்றாள். கருப்பையன் ஊர் முழுக்க, ஏழால் வகுபடுகிற வண்டி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏதோ ஒரு விஷயம் மனிதருக்குச் சந்தோஷம் கொடுத்தால் சரி.

அவள் கணவர் சிவநாதன் கோட்டுச்சேரி கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நெடுங்காட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். அதிகம் பேசாதவர், பொய் சொல்ல வராதவர். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். கடையில் வீணாகிற காகிதங்களை அவர் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவார். யாருடைய பட்டாவின் முதுகிலோ, யாருடைய ஆதார் அட்டையின் முதுகிலோ, பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருவருடைய பிறப்புச் சான்றிதழின் முதுகிலோதான் சுந்தரி வகுத்திருக்கிறாள். முடித்ததும் தேதி போட்டு, வருட வாரியாகக் கட்டிப் பீரோவின் அடித்தட்டில் வைப்பாள்.

மகள் சிவப்ரியா ப்ளஸ் டூ முடித்த வருடம் அவளுக்குப் புது ஃபோன் வாங்கிக் கொடுத்தார்கள். நானும் அன்றைக்கு அவர்கள் வீட்டில் இருந்தேன். "அம்மா, உன் நம்பர இதுல போட்டா ஒரே செகண்டு. பகாவா பகுவான்னு சொல்லிடும். போடட்டுமா?" என்று பெண் கேட்டதும், சுந்தரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஃபோனை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். எங்கள் மூன்று பேரையும் கூடத்தில் நிற்கவைத்துச் சூடம் ஏற்றினாள்.

"எனக்குச் சொல்லக் கூடாதுன்னு மட்டும் இல்ல. நீங்க பாக்கவே கூடாது. பாத்தா மூஞ்சி சொல்லிடும். நானாத்தான் கண்டுபிடிக்கணும், இல்லாட்டி தெரியாமயே போகணும். எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இத எடுத்துடாதீங்க" என்றாள்.

நாங்கள் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தோம். சிவப்ரியா சிரித்தாள். சிவநாதன் சிரிக்கவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, இதை மறைக்க என்ன இருக்கிறது. எடுத்துவிடாதே என்று கெஞ்சும்படி என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை.

2022 ஆகஸ்டில் டேங்க் அடியில் பாசி வழுக்கி விழுந்து சுந்தரிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. லீவு போட்டால் மாற்று ஆள் கிடையாது. கருப்பையன் தன் முறையைப் பார்ப்பாரா, இவள் முறையையும் பார்ப்பாரா? ஸ்விட்சை இடது கையால் போட்டுவிடலாம், வால்வுக்குத்தான் இரண்டு கை வேண்டும். அதனால் சிவநாதன் கடையைக் கொஞ்சம் தள்ளித் திறந்துகொண்டு, இரண்டு வேளையும் அவளோடு வந்தார். வந்தவர் சும்மா இருப்பானேன், அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

இங்கே அவள் வகுக்கிற முறையைச் சொல்லிவிட வேண்டும். ஓர் எண்ணால் வகுக்குமுன் அந்த எண்ணுக்கு வாய்ப்பாடு போட்டுக்கொள்வாள். பெருக்க மாட்டாள். அதே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரி. பத்தாவது வரியில் அதே எண்ணோடு ஒரு சைபர் சேர்ந்து வந்தால் கூட்டல் சரி, வராவிட்டால் எங்கோ தப்பு. அந்த ஆறு வாரமும் சுந்தரி டேங்க் அளவு தெரிவதற்காக வாசல்படியில் நின்று, மேலே பார்த்தபடி மனத்துக்குள் கூட்டி, ஒவ்வொரு வரியாகக் கத்துவாள். உள்ளே மோட்டார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சிவநாதன் எழுதுவார். பத்து வரியும் முடிந்ததும் அவள் உள்ளே வருவாள். அவர் எழுதியதைப் பார்த்து வகுத்துச் சொல்வாள், அதையும் அவரே எழுதுவார். அந்த மோட்டார் பழசு. அது ஓடும்போது உள்ளே இருக்கிறவரிடம் பேசுவதென்றால் கூரை பிய்கிற மாதிரி கத்த வேண்டும்.

"கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல நாங்க அவ்வளவு பேசிக்கிட்டது அந்த ஆறு வாரந்தாங்க" என்று சிவநாதன் என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம்.

கட்டைப் பிரித்தார்கள். சுந்தரி பழையபடி தானே எழுத ஆரம்பித்தாள். இருபத்தொரு லட்சம் தாண்டியது, இருபத்திரண்டு, இருபத்துமூன்று தாண்டியது.

2024 ஜூனில், மாங்கனித் திருவிழா வாரம், அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன். இந்தக் காலத்தில் அது பெரிய ஆபரேஷனே இல்லை என்று டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், வார்டில் இருந்த எல்லாரும் சொன்னார்கள். சிவநாதனுக்குக் காதில் ஏறவில்லை. அவளை உள்ளே கொண்டுபோனதும் வராந்தாவில் உட்கார்ந்தவர், ஃபோனை எடுத்து ஒன்றைப் பதினேழு தடவை அழுத்தினார். அவர் பின்னால் எனக்குச் சொன்ன காரணம் இது: "அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா, தெரியாமயே போயிடக் கூடாதுங்க. கடைசி நிமிஷத்துலயாச்சும் காதுல சொல்லிடணும்னு நெனச்சேன்."

பகு எண். 20,71,723 அதை வகுக்கும்.

முதலில் அவருக்குச் சந்தோஷம். ஐந்நூறு வருடம் இல்லை, பத்துக் கோடி இல்லை, வெறும் இருபது லட்சம்தான். அவள் எட்டிவிடுகிற தூரம். அப்புறம்தான், ஆஸ்பத்திரிக்கு வருமுன் அவள் கடைசியாகச் சொன்ன எண் ஞாபகத்துக்கு வந்தது. அவள் இருபத்துநான்கு லட்சத்தில் இருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் வீட்டுக்குக் குளிக்கப் போனவர் குளிக்காமல் பீரோவின் அடித்தட்டைத் திறந்தார். 2022 கட்டைப் பிரித்தார். செப்டம்பர் 7, காலை முறை, மூன்றாவது எண். 20,71,723. அழகாக வகுத்து, அடியில் மீதம் 10 என்று போட்டிருந்தது. எழுத்து அவருடையது.

அந்தக் காலை நேரம் அவருக்கு அப்படியே ஞாபகம் வந்தது. மீதம் பத்து என்று வந்ததும் அவர்தான், "சுந்தரி, பத்துதாம்மா மிச்சம், கிட்ட வந்துடுச்சு" என்று கத்தியிருந்தார். அதற்கு அவள், "வகுக்கறதுல கிட்டன்னு ஒண்ணு கெடையாதுங்க. பத்து மிஞ்சறதும் பத்து லட்சம் மிஞ்சறதும் ஒண்ணுதான். அடுத்தத எழுதுங்க" என்று சொல்லியிருந்தாள்.

கடைக்குப் போய்க் கால்குலேட்டரை எடுத்து வரிவரியாகத் தட்டிப் பார்த்தார். வாய்ப்பாட்டின் ஏழாவது வரி 1,45,02,061 என்று வர வேண்டும். காகிதத்தில் 1,45,02,051 என்று இருந்தது. அறுவத்தொண்ணு. அம்பத்தொண்ணு. சொல்லிப் பாருங்கள், இரண்டுக்கும் தலையும் ஒன்று வாலும் ஒன்று. நடுவில் இருப்பதை மோட்டார் தின்றுவிட்டால் கேட்கிறவர் என்ன செய்வார்? அந்த எண்ணை வகுக்கும்போது ஏழாவது வரி தேவைப்பட்டது ஒரே ஓர் இடத்தில், கடைசிப் படியில். அங்கே சைபர் வர வேண்டியது பத்தாக வந்தது.

ஒரு வாரம் கழித்து என் ஆபீசுக்கு வந்தார். எதிரே உட்கார்ந்து, "பாத்துட்டேங்க" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாகத் திட்டினேன். சத்தியம் செய்தவர் செய்கிற காரியமா என்றேன். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டேன். சொல்லாவிட்டால் அவள் சாகும்வரை, ஏற்கெனவே தாண்டிப்போன ஒன்றைத் தேடி வகுத்துக்கொண்டே இருப்பாள். சொன்னால், தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவள் கேட்டதே போய்விடும். எதைச் செய்தாலும் அவளிடமிருந்து எடுப்பதுதான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன். "கையில கட்டு இருந்தப்ப நீங்க எழுதினத ஒரு தடவ சரிபாக்கச் சொல்லுங்க. என் எழுத்த நம்ப முடியாதுன்னு பேச்சுவாக்குல சொல்லுங்க. அவளே பாப்பா, அவளே கண்டுபிடிப்பா."

அவருக்கு அதைச் சொல்ல எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவள் நாளுக்கு ஐந்து எண் வகுத்தாள். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். 2022 செப்டம்பரிலிருந்து கணக்கெடுத்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எண்கள், எல்லாம் வீண். அந்த எண்ணிக்கையை அவர் எனக்கு அவ்வப்போது ஃபோனில் சொல்வார். அவர் சாப்பாடு குறைந்துவிட்டது. சுந்தரி அவருக்குச் சர்க்கரை இருக்குமோ என்று ரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், மோட்டார் அறையில், நான் சொன்னபடியே பேச்சுவாக்கில் சொன்னார், அதாவது மோட்டார் சத்தத்தில் பேச்சுவாக்கில் கத்தினார். "சுந்தரி, கையில கட்டு போட்டிருந்தப்ப நான் எழுதினேன்ல, அதெல்லாம் ஒருக்கா சரிபாத்துக்கயேன். என் எழுத்த நம்ப முடியாது."

சுந்தரி பேனாவை மூடினாள். மோட்டாரை நிறுத்தினாள். டேங்க் பாதிகூட நிறையவில்லை.

"பாத்துட்டீங்களா?"

அவர் வால்வுப் பக்கம் திரும்பிக்கொண்டார். காது சிவந்துவிட்டது.

"அப்ப பகுதான்" என்றாள். "பகாவா இருந்தா நீங்க எதையும் சரிபாக்கச் சொல்ல மாட்டீங்க. நான் தாண்டிட்டேன். அந்த ஆறு வாரத்துலதான் தாண்டியிருக்கேன்." ஒவ்வொரு வாக்கியமாக, வாய்ப்பாடு சொல்கிற குரலில் சொன்னாள். அப்புறம் அழுதாள். "பதிமூணு வருஷமா அந்த ஒண்ணு தெரியாமதானே உக்காந்திருந்தேன். பகாவா பகுவா. அதையே சொல்லிட்டீங்களே. நான் கேக்கவே இல்லையே."

அவர் ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டாள். நீங்கள் பயந்தது எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஆறவில்லை என்றாள். மோட்டாரை மறுபடி போட்டாள். அன்றைக்குக் கடைத்தெருவுக்கு அரை மணி நேரம் தாமதமாகத் தண்ணீர் போனது.

புத்திசாலித்தனமாக நான் சொன்ன யோசனைக்கு ஆயுள் ஒரு வாக்கியம்தான். கணிதம் படித்தவளிடம் பேச்சுவாக்கில் எதையும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த எண் என்று சுந்தரி கேட்கவில்லை. அவர் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். மறுநாள் 2022 கட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனாள். ஆறு வாரத்தில் இருநூற்றுப்பத்து எண்கள். முதல் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாகப் போட ஆரம்பித்தாள். நாளுக்குப் பத்து. அவரை மோட்டார் அறைப் பக்கமே வரக் கூடாது என்றாள். "உங்க காதப் பாத்தே எந்த நம்பர்னு கண்டுபிடிச்சிடுவேன்" என்றாளாம். வீட்டில் சோறு போட்டாள், பேசவில்லை. அவர் கடையில் உட்கார்ந்து நாளை எண்ணினார். எந்த நாளில் அவள் அந்த எண்ணுக்கு வருவாள் என்று அவருக்குத் தெரியும். பன்னிரண்டாம் நாள். அன்றைக்கு என்னை லீவு போடச் சொல்லிக் கடைக்குக் கூப்பிட்டார். தனியாக இருக்க முடியவில்லை என்றார்.

காலை எட்டு மணி தாண்டியிருக்கும். கடையில் இரண்டு பேர் ரேஷன் கார்டு நகலுக்கு நின்றிருந்தார்கள். சுந்தரி நேராக மோட்டார் அறையிலிருந்து வந்தாள். செருப்பெல்லாம் ஈரம். நின்றவர்களிடம், "ஒரு நிமிஷங்க" என்று சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் மெஷின் மேல் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அன்று காலை அவள் எழுதியது. அடியில் மீதம் 0 என்று இருந்தது. இன்னொன்று பழைய காகிதம்.

சிவநாதன் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத் தயாராக வைத்திருந்தார் போல. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இது யாரு எழுத்து?"

"என்னுதுதான்."

"ஏழாவது வரி, கடைசி ரெண்டு இலக்கம் படிங்க."

"அம்பத்தொண்ணு."

"நாம வகுக்கற நம்பர் எதுல முடியுது?"

"இருவத்து மூணுல."

"ஏழாவது வரியோட இருவத்து மூணக் கூட்டுனா எட்டாவது வரி. நீங்க எழுதியிருக்கற ஏழோட கூட்டுனா எதுல முடியணும்?"

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "எழுவத்து நாலு."

"எட்டாவது வரி படிங்க."

அவர் குனிந்தார். "எம்பத்து நாலு" என்றார்.

"ஒம்பதும் சரி. பத்தும் சரி, சைபரோட வந்திருக்கு. நான் ஏழத் தப்பாச் சொல்லியிருந்தா அதுக்கப்புறம் ஒரு வரிகூட சரியா வந்திருக்காது. நான் உங்க காகிதத்தப் பாத்தா கூட்டுனேன்? வாசல்ல நின்னு தொட்டியப் பாத்துக்கிட்டில்ல கூட்டுனேன். நான் அறுவத்தொண்ணுன்னுதான் சொல்லியிருக்கேன்."

நகல் எடுக்க வந்தவர்கள் இருவரும் காகிதத்தை எட்டிப் பார்த்தார்கள். என்ன தெரிந்ததோ, தலையை ஆட்டினார்கள். சிவநாதனுக்கு இப்போது காது மட்டுமல்ல, கண்ணும் சிவந்திருந்தது. "ஆமா, நீ சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றார். "எனக்குத்தான் கேக்கல."

சுந்தரி அவர் மேஜையிலிருந்து பேனாவை எடுத்தாள். பழைய காகிதத்தில் ஐந்தை அடித்து ஆறு போட்டாள். மீதம் பத்தை அடித்துச் சைபர் போட்டாள். அதன் கீழே, பகு எண் என்று எழுதினாள்.

"இன்னைக்குத் தேதியப் போடு" என்றார் சிவநாதன்.

"இன்னைக்கு எதுக்கு? இன்னைக்கு நான் கண்டுபிடிச்சது உங்க காதுக் கோளாறத்தான். நம்பர அன்னைக்கே கண்டுபிடிச்சாச்சு. நீங்க ஃபோன்ல பாக்கறதுக்கு இருவத்தோரு மாசம் முன்னாடி."

7-9-2022, காலை என்று எழுதினாள். கண்டுபிடித்தது: கல்யாணசுந்தரி. பேனாவை மூடப் போனவள், அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த வரியில் எழுதியது: சிவநாதன் என்று சேர்த்தாள்.